ஒன்பது நிமிடம் முந்தி வந்த விமானம்

பஸ்தியாம்பிள்ளை விமானத்தோடு முதன்முதலாக மட்டக்களப்பு வாவிக்குள் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பதினேழு நிமிடத்துக்கு. நேரத்தில் சந்தேகம் வேண்டாம். விழுந்த கையோடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, நீல மட்டைக் கொப்பியில் அவரே எழுதிவைத்தார்: "9.17. விமானம் வாவியில். சாரதியின் கவனயீனம். பயணிகள் இல்லை. விசாரணை நடைபெறும்."

விமானம் கணினித் திரைக்குள் இருந்தது. வாவியும் திரைக்குள்தான். வெளியே நனைந்தது அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் மட்டும். அதுவும் பதற்றத்தில் கை தட்டிக் கொட்டிய தேத்தண்ணியால்.

அப்போது அவருக்கு அறுபத்துமூன்று வயது. இருந்தது தன்னாமுனையில், மார்கிறட்டின் வீட்டில். மனைவியின் வீடு என்றுதான் சொல்லவேண்டும். இந்தப் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்குச் சீதனமாக வருபவை. ஆண் வந்து குடியிருப்பவன். முப்பத்தாறு வருடம் குடியிருந்த பிறகும், சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் பஸ்தியாம்பிள்ளை கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். கணினி வைக்கவும் கேட்டார். மார்கிறட் வீட்டைச் சுற்றிப் பார்த்து, முன்னறை யன்னலோரம் கிடந்த தையல் மெஷினைக் காட்டினாள். அதன் மேசையில்தான் கணினி ஏறியது. மெஷினின் மிதிகட்டை கீழே அப்படியே இருந்தது. அதற்கும் விமானத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லையென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஓடுதளம் கிட்ட வந்தால் கால் தானாக அதை ஓங்கி மிதிக்கும். மெஷின் சக்கரம் கடகடவென்று சுற்றும். குசினியிலிருந்து மார்கிறட்டின் குரல் வரும்.

"இஞ்சாருங்க, பிளேனை உடைச்சாலும் உடைங்க. மெஷினை உடைச்சிராதீங்க."

அரச பஸ் டிப்போ ஒன்றில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர் அவர். கூண்டுக்குள் இருந்தபடி, எந்த பஸ் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுகிற வேலை. பிந்தி வந்த சாரதிகள்மீது அவருக்குக் கோபம் கிடையாது. மழை பெய்திருக்கும், டயர் போயிருக்கும், வீதியில் யானை நின்றிருக்கும். முந்தி வந்தவனைத்தான் அவரால் மன்னிக்க முடியாது. நேரத்துக்கு முந்தி ஒரு பஸ் வந்தால், நேரத்தை நம்பி வழியில் வந்து நின்ற சனத்தை அது விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி வந்தவனுக்குக் கையோடு ஒரு கடிதம் போகும்: "நேரத்துக்கு முன் வந்தமைக்கு விளக்கம் கோரல்." அவர் கையால் ஆகக் கூடிய விளக்கம் கோரல்களை வாங்கியவர் சாரதி இளையதம்பி.

வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு ஒருநாள், ஏதோ கடிதம் அச்செடுக்க ஏறாவூரில் றிஸ்லானின் கணினிக் கடைக்குப் போனார். றிஸ்லான் ஆறு வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்து கடை போட்ட நடுத்தர வயது மனிதன். கடை மூலையில் ஒரு திரையில் சின்ன விமானமொன்று பறந்துகொண்டிருந்தது. கீழே வாவி. திரைக்குப் பக்கத்தில் அதை ஓட்டும் முறை சொல்கிற புத்தகம். பஸ்தியாம்பிள்ளை கடிதத்தை மறந்தார்.

"இது ஆரு ஓட்டுற?"

"ஒருத்தரும் இல்ல அண்ணன். இது கேம். பொழுதுபோகாத ஆக்கள் வீட்ட வெச்சு ஓட்டுற."

"கேமெண்டா இந்தப் புத்தகம் ஏன் இவ்வளவு தடிப்பு?"

"அத ஒருத்தரும் வாசிக்கிறல்ல அண்ணன்."

"வாவி நேர்ல பாக்கிற மாதிரிக் கிடக்கே. என்ட வீடு இரிக்கா?"

"சட்டலைட்டால எடுத்த படம். கூரை தெரியும்."

கூரை தெரிந்தது. அதில் ஒரு தகரம் காற்றுக்குப் பறந்துபோயிருந்ததும் தெரிந்தது. படம் மூன்று வருடம் பழசு. அந்தத் தகரத்தை அவரே மாற்றியிருந்தார். ஆனாலும் அடுத்தநாள் காலை ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அடுத்த கிழமை கணினியும், விமானத்தைத் திருப்ப ஒருவர் பாவித்த ஜோய்ஸ்டிக்கும், தடித்த புத்தகமும் வீட்டுக்கு வந்தன. புத்தகத்தை அடிமட்டம் வைத்துக் கோடிட்டுக் கடைசிப் பக்கம்வரை வாசித்த ஒரே ஆள் இந்த மாகாணத்தில் அவராகத்தான் இருக்கவேண்டும்.

வாசித்தது எல்லாம் மூளையில் இருந்தது. கைதான் டிப்போவில் இருந்தது. ஆகாயத்தில் போனாலும் கீழே வீதியைப் பார்த்துத்தான் போவார். அதுவும் வீதியின் இடப்பக்கமாக. செங்கலடிச் சந்தி வந்ததும் வேகத்தைக் குறைத்தார். சந்தியில் வேகம் குறைக்கவேண்டும் என்பது சட்டம். விமானத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. அது மூக்கைத் தூக்கி, ஒரு பக்கம் சரிந்து, பதுளை வீதி தொடங்குகிற இடத்திலேயே போய்க் குத்தியது. எண்ணெயும் டிப்போ முறைப்படிதான். ஒரு பயணத்துக்கு எவ்வளவு போகுமோ அவ்வளவு. மேலே ஒரு சொட்டு கொடுக்கமாட்டார். "மிச்ச எண்ணெய்க்குக் கால் முளைக்கும்" என்று இளையதம்பியைப் பார்த்துச் சொல்வார். பறப்பதற்கு முன் விசில் ஊதுவார். பழைய டிப்போ விசில். அதை ஊதாமல் அவர் ஒருநாளும் தரையை விட்டு எழும்பியதில்லை.

அந்த விசிலைச் சென்ற தவக்காலத்தில் மார்கிறட் அவருடைய சட்டைப் பையில் வைத்துத்தான் சவப்பெட்டியை மூடவிட்டாள். கோயிலிலிருந்து சேமக்காலைக்குப் போகிற வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: "நேரத்துக்கு முந்திப் போய்ச்சேந்த எல்லாரிட்டயும் விளக்கம் கேட்ட மனிசன். இப்ப அவரிட்ட ஆரு கேக்கிற?" பக்கத்தில் நடந்த இளையதம்பி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை.

அது பிறகு நடந்தது. நாம் சொல்லவந்தது, அவர் நல்ல உசாராக வாவியில் விழுந்துகொண்டிருந்த காலத்துக் கதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் இளையதம்பி சைக்கிளில் வந்துவிடுவார். கதிரையைத் திருப்பிப்போட்டு அமர்ந்து, தேத்தண்ணியோடு, தன் பழைய டைம்கீப்பர் விழுவதைப் பார்ப்பார். அவருக்கு அதைவிடப் பெரிய இளைப்பாற்றுச் சம்பளம் கிடையாது.

"டைம்கீப்பர், எழுதும். இருவது வருசம் என்னை எழுத வெச்ச நீர். இப்ப நீர் எழுதும்."

பஸ்தியாம்பிள்ளை நியாயஸ்தர். எழுதுவார். தனக்குத்தானே விளக்கம் கோரி ஒரு கடிதம், அதற்குத் தானே ஒரு பதில். "மேற்படி விடயம் தொடர்பாக, ஓடுதளம் எதிர்பார்த்ததிலும் பார்க்கக் கட்டையாக இருந்தது என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன்." பதில் திருப்தியில்லை என்று அடுத்தநாள் அவரே சிவப்பு மையால் எழுதுவார்.

இந்த நிலையில்தான் மெல்பேர்னிலிருந்து ஷெரோன் அழைத்தாள். ஒரே மகள். வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மருமகனுக்கு இரவு வேலை.

"அம்மா, நீங்க வராட்டி நான் தனியத்தான்" என்றாள்.

மார்கிறட் முதலில் சந்தோஷத்தில் அழுதாள். பிறகு விமானத்தை நினைத்து அழுதாள். பஸ்தியாம்பிள்ளை கூடப்போக முடியாது. அவருடைய இதயம் வீங்கியிருக்கிறது, நீண்ட பயணம் ஆகாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கொப்பியில் நூறு பறப்புகள் எழுதியவர், உண்மையான விமானத்தின் ஏணியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வைக்கவும் போவதில்லை. போனால் மார்கிறட் தனியாகத்தான் போகவேண்டும்.

அவளுக்கு உயரம் பயமில்லை, இருட்டுப் பயமில்லை, வெள்ளைக்காரன் பயமுமில்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைச் சுவாமியாரிடமும் கேட்டாள், கணினி பார்க்க வந்த றிஸ்லானிடமும் கேட்டாள்.

"நடுவானத்தில எஞ்சின் நிண்டா?"

சுவாமியார் செபிக்கச் சொன்னார். கட்டாருக்கும் கொழும்புக்கும் பத்துத் தடவை பறந்த றிஸ்லான், "அது நிக்காது அக்கா" என்றான்.

"நிண்டா?"

"நிக்காதெண்டுறன் அக்கா."

"நிண்டாத்தான் தம்பி கேக்கிறன்."

றிஸ்லான் ஜோய்ஸ்டிக்கின் வயரைப் பரிசோதிக்கத் தொடங்கிவிட்டான்.

பஸ்தியாம்பிள்ளை புத்தகத்தைத் திறந்து எஞ்சின் நின்றால் செய்யவேண்டியவை என்ற அத்தியாயத்தை உரக்க வாசித்துக் காட்டினார். மார்கிறட் முழுவதையும் கேட்டாள். பிறகு திரையைப் பார்த்தாள். அதில் அன்றைய விமானம் வாலை மேலே வைத்து வாவிக்குள் நின்றது.

"எஞ்சின் ஓடக்குள்ளயே இப்பிடி" என்றாள். "எனக்கு வாசிச்சுக் காட்டாதீங்க. என்ட கண்ணுக்கு முன்னால ஒருக்கா விழாம இறக்கிக் காட்டுங்க. மறுகா யோசிப்பம்."

அன்றிலிருந்து அது விளையாட்டாக இருக்கவில்லை. மாத முடிவுக்குள் பதில் சொல்லாவிட்டால் டிக்கட் கிடையாது என்று ஷெரோன் சொல்லியிருந்தாள். பத்தொன்பது நாள் இருந்தது. பஸ்தியாம்பிள்ளை விடிந்தால் பறந்தார். எழும்புவது நன்றாக எழும்பும். போவது நன்றாகப் போகும். இறங்குகிற நேரம்தான் அவருடைய கைக்குப் பொறுமை போய்விடும். எஞ்சினைக் கூட்டுவார், குறைப்பார், திரும்பவும் கூட்டுவார். விமானம் ஓடுதளத்தின் ஒரு அந்தத்தில் துள்ளி மறு அந்தத்தால் வாவிக்குள் போகும். பதினெட்டு நாளில் நாற்பத்தொரு தரம் இறங்கினார். வாவியில் முப்பத்திரண்டு. கல்லடிப் பாலத்தில் இரண்டு. வயலில், வீதியில், பற்றைக்குள் ஆறு. ஒன்று, எப்படியென்று அவருக்கே தெரியாமல், ஏறாவூரில்.

"அண்ணன், எங்கட ஊருல மட்டும் விழாதீங்க" என்று றிஸ்லான் தொலைபேசியில் கெஞ்சினான். "கடைக்கு இன்சூரன்ஸ் இல்ல."

மார்கிறட் அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிய பயணப் பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி பஸ்தியாம்பிள்ளை நெடுநேரம் மிதிகட்டையில் கால் வைத்தபடியே இருந்தார்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் உடுப்பு மாற்றாமல் கணினிக்கு முன் இருந்தார். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு, புறப்பாடு 10.00, வருகை 10.40. கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டார். எண்ணெய், பயணத்துக்கு வேண்டிய அளவு. மார்கிறட் ஒரு கதிரையைப் போட்டு அவருக்குப் பின்னால் இருந்தாள். கையில் செபமாலை. இளையதம்பி அவளுக்குப் பின்னால்.

விசில் ஊதினார். விமானம் எழும்பியது.

அவ்வளவு நல்ல பறப்பு அவருக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. வலப்பக்கம் காடு, இடப்பக்கம் கடல். வாழைச்சேனை கழிந்தது. செங்கலடிச் சந்தியில் வேகத்தைக் குறைக்கவில்லை. இளையதம்பிகூட வாயைத் திறக்கவில்லை. தன்னாமுனைக்கு மேலே வந்து தங்கள் கூரையைக் கண்டதும் மார்கிறட் முன்னால் சாய்ந்தாள். வாவிக்கு அப்பால் ஓடுதளம் ஒரு கோடுபோலத் தெரிந்தது.

பஸ்தியாம்பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தார். 10.31.

பின்காற்று விமானத்தைத் தள்ளிவந்துவிட்டது. ஒன்பது நிமிடம் முந்தி.

அவர் விமானத்தைத் திருப்பினார்.

"என்ன, எங்க போறீங்க?" என்றாள் மார்கிறட்.

"நேரம் வரல்ல."

"என்ன நேரம்?"

"பத்து நாப்பது. ஒம்பது நிமிசம் முந்தி வந்திரிக்கம். முந்தி இறக்க ஏலா."

"மனிசா, அந்தா கிடக்கு தளம்! இறக்குங்க!"

"முப்பத்தொரு வருசம் ஊரெல்லாத்தையும் விளக்கம் கேட்டுப்போட்டு நானே முந்தி இறக்கிறயா?"

இளையதம்பி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "டைம்கீப்பர், பிளேனுக்கு வழியில ஆக்கள் ஏறுறல்ல! ஆரை விட்டுட்டு வந்த நீர்?"

"அது வேற கதை. நேரம் நேரம்தான்."

தன்னாமுனைக்கு மேலே ஒரு வட்டம் போட்டார். இன்னொரு வட்டம். இரண்டாயிரம் அடி உயரத்தில், மிக அழகான, ஒழுங்கான வட்டங்கள். ஆறாவது நிமிடம் எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு, கறண்ட் போன வீட்டில் மின்விசிறி நிற்பதுபோல, முன்னாலிருந்த காற்றாடி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது.



"என்ன இது?" என்றாள் மார்கிறட்.

"எண்ணெய் முடிஞ்சி" என்றார் பஸ்தியாம்பிள்ளை. ஒரு பயணத்துக்குப் போதுமான எண்ணெய், அதிலும் கடைசி மூன்று நிமிடம் எஞ்சினைக் குறைத்து இறங்குகிற கணக்கு. வட்டத்துக்கு யார் எண்ணெய் கொடுத்தது?

"வாவிதான்" என்றார் இளையதம்பி, ஆறுதல்போல. "அதுக்குப் பழகின இடம்."

"நீங்க வாயைப் பொத்துங்க அண்ணன்" என்றாள் மார்கிறட். செபமாலையைக் கதிரையில் போட்டுவிட்டு எழும்பிவந்து திரைக்குக் கிட்ட நின்றாள். அவள் இவ்வளவு நாளாகப் பயந்திருந்த அந்த ஒன்று, அவளுடைய முன்னறையில், தையல் மெஷினுக்கு மேலே நடந்துவிட்டது. என்ன நடக்கப்போகிறது என்று பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

பஸ்தியாம்பிள்ளைக்கு அடிமட்டம் வைத்துக் கோடிட்ட பக்கம் ஞாபகம் வந்தது. மூக்கைக் கொஞ்சம் கீழே வை. வேகத்தைக் காப்பாற்று. கிட்ட உள்ள வெளியைப் பார். ஓடுதளம் எட்டாது. நோண்டுவதற்கு எஞ்சின் இல்லாததால், வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய கைகள் சும்மா இருந்தன. விமானம் விழவில்லை. சரிவில் விட்ட சைக்கிள்போல, சத்தமில்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"வெளி ஒண்டும் தெரியல்லையே" என்றார்.

"மேற்கால திருப்புங்க. அந்தா வாய்க்கால் வளையிது பாருங்க. அதுக்கு அங்கால அறுவடை முடிஞ்ச வட்டை. தண்ணி இல்ல."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ட சீதன வட்டை எனக்குத் தெரியாதா? திருப்புங்க!"

திருப்பினார். வாவி கீழே நழுவிப் போனது. கரையின் பச்சை, அடுத்தது வாய்க்கால், அதற்குப் பிறகு வெளிறிய மண்ணிறத்தில் வயல்வெளி. "இன்னும் கொஞ்சம்... வரம்புக்கு நேரா வராதீங்க... இப்ப விடுங்க" என்று மார்கிறட், வண்டியைப் பின்னுக்கு எடுப்பவனுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சக்கரம் தரையைத் தொட்டது. கால் மிதிகட்டையை மிதித்தது. மெஷின் கடகடத்தது. ஒரு வரம்பில் துள்ளி, இரண்டாவதில் துள்ளி, மூன்றாவது வரம்புக்கு ஒரு முழம் இருக்க விமானம் நின்றது. வால் வாலாக இருந்தது. மூக்கு மூக்காக இருந்தது.

பஸ்தியாம்பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தார். 10.40.

"நேரம் சரி" என்றார் இளையதம்பி பெருமூச்சுவிட்டு. "இடம்தான் மாறிப்போச்சு."

பஸ்தியாம்பிள்ளை தலை குனிந்திருந்தார். ஓடுதளம் அல்ல, வயல். கொப்பியைத் திறந்து "இறக்கம் 42" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஷெரோனுக்கு என்ன சொல்வது?

மார்கிறட் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எஞ்சின் நிண்டு போச்சு, என்ன?"

"ஓம்."

"ஆனா விழல்ல."

"விழல்ல. இறங்கின."

"நிண்ட நேரத்தில இருந்து இறங்கிற வரைக்கும் எவ்வளவு?"

டைம்கீப்பரிடம் கேட்கவேண்டிய கேள்வி. "மூண்டு நிமிசம்" என்றார் உடனே.

மார்கிறட் உதட்டை அசைத்துக் கணக்குப் பார்த்தாள். "மூண்டு நிமிசத்தில பத்து அருள்நிறை மரியே சொல்லலாம்."

"இது சின்னப் பிளேன், ரெண்டாயிரம் அடி" என்றார் அவர், மெல்லத் தலையை நிமிர்த்தி. "நீ போற பிளேன் முப்பத்தஞ்சாயிரம் அடியில போறது. அது நிண்டா இறங்க இருவது நிமிசத்துக்கு மேல எடுக்கும்."

"இருவது நிமிசமெண்டா முழுச் செபமாலையும் சொல்லி முடிக்கலாமே."

"மாதா பிரார்த்தனையும் சேத்துச் சொல்லலாம்."

மார்கிறட் கதிரையில் கிடந்த செபமாலையை எடுத்தாள். செத்தால் செபம் சொல்ல நேரமில்லாமல் செத்துப்போவேன் என்பதுதான் அவளுடைய பயம் என்று, முப்பத்தாறு வருடம் கூட இருந்த பஸ்தியாம்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்ப சரி" என்றாள். "ஷெரோனை டிக்கட் போடச் சொல்லுங்க. இளையதம்பியண்ணன், அந்தப் பெட்டியை ஒருக்கா இறக்கித் தாங்க."

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இரவு பஸ்ஸில் அவர் கூடப்போனார். உள்ளே விடுகிற வாசலில் அவள் அவருக்கு மருந்து மாத்திரைகளின் நேரங்களைத் திரும்பவும் சொன்னாள். நேரம் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது தொலைபேசி அடித்தது, ஷெரோன். பின்னால் மார்கிறட்டின் குரல் கேட்டது.

"இஞ்சாருங்க, எஞ்சின் நிக்கல்ல! நான் ரெண்டு செபமாலை சொல்லிச் சும்மா வீணாப் போச்சு. வெள்ளனக் கொண்டந்து விட்டுட்டான், இவள் ஆக்கள் வாறத்துக்குள்ள நான் வெளிய வந்து நிண்டுட்டன்."

"எவ்வளவு வெள்ளன?"

"பதினாலு நிமிசமாம்."

பஸ்தியாம்பிள்ளை தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நீல மட்டைக் கொப்பியை எடுத்தார். அந்தப் பக்கம் இப்போதும் தெளிவாக இருக்கிறது. அவருடைய எழுத்து ஒருநாளும் சரிந்ததில்லை.

"கட்டுநாயக்கா – மெல்பேர்ன். பயணி ஒருவர். வருகை: 14 நிமிடம் முந்தி. விளக்கம் கோரத் தேவையில்லை."